ஃபைஃபாக்ஸ்: வேகம் படிக்க ஒரு ஃபோன் போதுமா?

ஃபோனை மேசைமேல் மல்லாக்க வைத்து, ஃபைஃபாக்ஸ் செயலியில் முடுக்கமானியை ஓடவிட்டால் திரையில் 9.8 வந்து உட்காரும். மேசை அசையவில்லை, ஃபோனும் அசையவில்லை, முடுக்கம் மட்டும் 9.8 மீ/வி². செயலி சரியில்லை என்று பலர் இந்த இடத்திலேயே மூடிவிடுகிறார்கள். செயலி சரியாகத்தான் இருக்கிறது. ஃபோனுக்குள் இருக்கும் சில்லில் மிகச் சிறிய சிலிக்கான் துண்டு ஒன்று மெல்லிய வில்களில் தொங்குகிறது. அந்தத் துண்டு எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் சென்சர் படிக்கிறது. மேசை ஃபோனின் உடலைத் தாங்கிப் பிடிக்கிறது, உள்ளே இருக்கும் துண்டைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது, வில் தொய்கிறது. அந்தத் தொய்வுதான் 9.8. அதே ஃபோனை அரை மீட்டர் உயரத்திலிருந்து தடித்த மெத்தைமேல் விழவிட்டுப் பாருங்கள். விழுகிற 0.3 விநாடிக்கு வாசிப்பு சுழியை ஒட்டி வரும். நிஜமாகவே முடுக்கத்தோடு விழும்போது 0, சும்மா கிடக்கும்போது 9.8!

இந்தச் செயலியை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கான சாவி இதில்தான் இருக்கிறது. வேகத்தை நேரடியாக அளக்கிற சென்சர் எந்த ஃபோனிலும் கிடையாது. நேரம், சுழற்சி, காற்றழுத்தம், காந்தப்புலம், செயற்கைக்கோள் சமிக்ஞை, இவற்றில் ஏதோ ஒன்றை அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டுத்தான் ஃபைஃபாக்ஸ் வேகத்தைத் தருகிறது. எந்தச் சோதனை எதை அளக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்கினால் பள்ளி ஆய்வகத்துக்கு இதைவிட மலிவான கருவி கிடைப்பது கஷ்டம். ஆமாம், இது இலவசம். விளம்பரமும் கிடையாது.

ஜெர்மனியின் ஆஹன் நகரில் உள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் உருவாகி 2016-இல் வெளிவந்த செயலி இது. ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டிலும் ஓடும். உள்ளே ஒலி, ஒளி, காந்தம் என்று நிறையச் சோதனைகள் உண்டு. இங்கே எடுத்துக்கொள்வது இயக்கம் தொடர்பானவற்றை மட்டும்.

சொற்களை முதலில் சரிசெய்துகொள்ளலாம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் திசை இல்லாதது வேகம், திசையோடு சேர்ந்தது திசைவேகம், அது மாறும் வீதம் முடுக்கம். இலங்கைப் பாடநூல்களில் திசை இல்லாதது கதி, திசையோடு சேர்ந்ததுதான் வேகம், மாறும் வீதம் ஆர்முடுகல். அதாவது 'வேகம்' என்ற ஒரே சொல் கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் இன்னொரு பொருள். இணையத்தில் தமிழ் விளக்கம் தேடிப் படிக்கும் மாணவர் குழம்புவதற்கு இதுவே போதும். இந்தக் கட்டுரை முழுக்கத் தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றுகிறது.

ஒலி நேரமானி: முதலில் திறக்க வேண்டியது இதைத்தான்

செயலியில் எல்லாவற்றையும்விட உருப்படியானது 'அக்கூஸ்டிக் ஸ்டாப்வாட்ச்'. ஒரு சத்தம் கேட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும், அடுத்த சத்தம் கேட்டதும் நிற்கும். அவ்வளவுதான். ஆனால் மைக் ஒலியை விநாடிக்குப் பல்லாயிரம் முறை பதிவு செய்கிறது. கையால் நிறுத்துகடிகாரத்தை அமுக்கும்போது நம் விரல் தாமதமே சுமார் 0.2 விநாடி. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட ஆகும் நேரம் 0.45 விநாடி. விழும் நேரத்தில் ஏறக்குறைய பாதி அளவுக்குப் பிழை வரக்கூடிய கருவியை வைத்துக்கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வது மாணவர்மேல் செய்யும் அநியாயம்.

தடையின்றி விழும் பொருளுக்கான அமைப்பு இப்படி. மேசை விளிம்பில் ஒரு மர ஸ்கேலைக் கொஞ்சம் மட்டும் வெளியே நீட்டி வையுங்கள். வெளியே நீட்டிய முனையில் ஒரு இரும்புக் குண்டோ பெரிய நட்டோ வையுங்கள். தரையில் அது விழும் இடத்தில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து வையுங்கள். இப்போது இன்னொரு கட்டையால் ஸ்கேலைப் பக்கவாட்டில் 'டக்' என்று அடித்தால் ஸ்கேல் விலகிவிடும், குண்டு நேராகக் கீழே விழும். அடித்த சத்தத்தில் கடிகாரம் தொடங்கும், தட்டில் விழுந்த சத்தத்தில் நிற்கும். ஸ்கேலின் மேற்பரப்பிலிருந்து தட்டின் மேற்பரப்பு வரை டேப்பால் அளந்து, g = 2h/t² என்று போட்டால் வேலை முடிந்தது (g புவியீர்ப்பு முடுக்கம், h உயரம், t நேரம்).

முடியாமல் போகிற இடங்களும் உண்டு. ஸ்கேலை மேலிருந்து கீழாக அடித்தால் குண்டு முதலில் எகிறிவிட்டு அப்புறம் விழும், நேரம் கூடிவிடும். அடி கிடைமட்டமாக இருக்க வேண்டும். ஸ்கேல் சொரசொரப்பாக இருந்தால் குண்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். குண்டுக்குக் கிடைமட்டத் திசைவேகம் வந்துவிடுவதால் அது தட்டுக்கு வெளியே போய் விழும். விழும் நேரம் என்னவோ பெரிதாக மாறாது, செங்குத்து இயக்கம் தனி, கிடைமட்ட இயக்கம் தனி. வகுப்பில் இப்படித் தற்செயலாக நடந்தால் அதைப் பிழை என்று ஒதுக்காமல் பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசலாம்.

ஃபோனை எங்கே வைக்கிறோம் என்பது அடுத்தது. ஒலி ஒரு மீட்டர் போக 3 மில்லிவிநாடி எடுத்துக்கொள்கிறது. ஃபோனைத் தட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தால் மேலே எழும் தொடக்கச் சத்தம் 3 மில்லிவிநாடி தாமதமாக வந்து சேரும், விழுந்த சத்தம் உடனே வரும். அளந்த நேரம் அந்த அளவுக்குக் குறைந்து, 9.8 வர வேண்டிய இடத்தில் 9.93 வரும். ஃபோனை இரண்டு சத்தத்துக்கும் சம தூரத்தில், அதாவது அரை மீட்டர் உயரமுள்ள ஒரு ஸ்டூல்மேல் வைத்துவிட்டால் இந்தப் பிழை தானே அடிபட்டுப் போகும்.

இந்தச் சோதனையில் நாம் அமைக்க வேண்டியவை இரண்டு: ஒலியின் வாசல் அளவு, குறைந்தபட்ச இடைவெளி நேரம். வாசல் அளவு தாழ்வாக இருந்தால் மின்விசிறிச் சத்தத்துக்கே கடிகாரம் ஓடிவிடும், உயரமாக இருந்தால் கைதட்டினாலும் அசையாது. முதலில் அறையில் யாரும் பேசாமல் ஓடவிட்டு, தானாகத் தொடங்காத மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்து, அதற்குக் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச இடைவெளி என்பது முதல் சத்தத்தின் எதிரொலியையே இரண்டாவது சத்தமாக எடுத்துக்கொள்ளாமல் தடுப்பது. வெறும் சுவர்களுள்ள வகுப்பறையில் ஒலி வெகு நேரம் சுற்றிவரும். திரும்பத் திரும்ப 0.1 விநாடிக்கு அருகிலேயே விடை வந்தால் அளப்பது குண்டை அல்ல, எதிரொலியை. இடைவெளியை 0.2 அல்லது 0.3 விநாடிக்கு ஏற்றுங்கள், ஆனால் அளக்கப்போகும் நேரத்துக்கும் மேலே ஏற்றிவிடாதீர்கள்.

கேரம் போர்டில் ஒரு பாடம்

இதே ஒலி நேரமானியில் 'சீக்வென்ஸ்' என்ற பக்கம் இருக்கிறது. அடுத்தடுத்து வரும் சத்தங்களுக்கு இடைப்பட்ட நேரங்களை வரிசையாகப் பதிவு செய்யும். சராசரி வேகம், சராசரி திசைவேகம் என்று கரும்பலகையில் எழுதிக் குழப்புவதற்குப் பதில் ஒரு கேரம் போர்டை எடுத்துவந்தால் போதும்.

போர்டில் காய்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஸ்ட்ரைக்கரை நேராக எதிர்ச் சட்டத்தை நோக்கிச் சுண்டுங்கள். நகம் படும் 'டிக்', எதிர்ச் சட்டத்தில் மோதும் 'டொக்', திரும்பி வந்து நம் பக்கச் சட்டத்தில் மோதும் 'டொக்', மறுபடி எதிர்ச் சட்டம். முதல் இடைவெளியை விட்டுவிடுங்கள், அது பாதி வழியிலிருந்து தொடங்கியது. சட்டத்திலிருந்து சட்டத்துக்கு உள்ள இடைவெளிகள்தான் நமக்கு வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஆடுபரப்பின் பக்கம் 74 செ.மீ. என்று அளந்து அதையே தூரமாகப் போட்டால் தப்பு. ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4 செ.மீ.க்குச் சற்று மேல். அதன் ஒரு விளிம்பு ஒரு சட்டத்தைத் தொடும் நிலையிலிருந்து மறு விளிம்பு எதிர்ச் சட்டத்தைத் தொடும் நிலை வரை அது நகர்வது சுமார் 70 செ.மீ.தான். இதைக் கழிக்காமல் விட்டால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதலாக வரும்.

எடுத்துக்காட்டாக, எதிர்ச் சட்டத்திலிருந்து நம் பக்கம் வர 0.35 விநாடி, மறுபடி அங்கே போக 0.50 விநாடி என்று திரையில் வருவதாக வையுங்கள். முதல் பயணத்தில் வேகம் 0.70/0.35 = 2.0 மீ/வி, இரண்டாவதில் 0.70/0.50 = 1.4 மீ/வி. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 1.7 என்று சொல்லத்தான் எல்லோருக்கும் கை வரும். ஆனால் மொத்தத் தொலைவு 1.40 மீ, மொத்த நேரம் 0.85 விநாடி, சராசரி வேகம் 1.65 மீ/வி. மெதுவாகப் போன பயணத்தில் ஸ்ட்ரைக்கர் அதிக நேரம் செலவழித்திருக்கிறது, அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. அடுத்து, ஸ்ட்ரைக்கர் கிளம்பிய சட்டத்துக்கே திரும்பிவிட்டது. இடப்பெயர்ச்சி 0, ஆகவே சராசரி திசைவேகமும் 0. 1.65-உம் 0-உம் ஒரே ஓட்டத்தின் விடைகள்தான். பவுடர் போட்டு ஒரு முறை, துடைத்துவிட்டு ஒரு முறை செய்தால் உராய்வு என்ன செய்கிறது என்பதும் எண்ணாகவே கிடைக்கும். ஃபோனை மட்டும் போர்டின்மேல் வைக்காதீர்கள். மோதும் அதிர்வு நேரடியாக மைக்குக்குப் போய், ஒரே மோதலை இரண்டாக எண்ணிவிடும். போர்டுக்குப் பக்கவாட்டில், நடுவாக, துணிமேல் வையுங்கள்.

உருளை: அழகானது, ஆனால் பொறுமை வேண்டும்

'ரோல்' என்ற சோதனையில் ஃபோனை ஒரு உருளைக்குள் செருகி உருட்டிவிட வேண்டும். கைரோஸ்கோப் சுழலும் வீதத்தை அளக்கும், நாம் கொடுத்த ஆரத்தால் அதைப் பெருக்கி நேர்கோட்டு வேகத்தை வரைபடமாகப் போட்டுத் தரும். வழுக்காமல் உருளும்வரை இந்தக் கணக்கு சரி.

உருளைக்குப் பிளம்பிங் கடையில் 110 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்று கேளுங்கள். 18 செ.மீ. நீளம் போதும். வெளிவிட்டம் 11 செ.மீ., ஆரம் 5.5 செ.மீ. சந்தேகமிருந்தால் நூலைச் சுற்றி அளந்து 6.28-ஆல் வகுங்கள், சுற்றளவு 34.5 செ.மீ. வர வேண்டும். குழாயின் உள்விட்டத்தை வைத்து ஆரம் கணக்கிடுவது வழக்கமான தவறு. தரையில் உருள்வது வெளிப்பரப்பு.

ஃபோனைச் சுற்றிப் பழைய துண்டு அல்லது ஸ்பாஞ்சு வைத்து, அது குழாயின் நட்டநடுவில் அசையாமல் நிற்கும்படி அடைக்க வேண்டும். வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது. ஃபோன் நடுவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் எடை ஒரு பக்கமாகச் சாயும். உருளை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை விரைந்து ஒரு முறை தயங்கும். சீராக ஏற வேண்டிய கோடு அலையலையாக ஏறும். அலை தெரிந்தால் ஃபோனை எடுத்து மறுபடி அடையுங்கள், வேறு வைத்தியம் இல்லை.

ஒரு மீட்டர் பலகையின் ஒரு முனையை 5 செ.மீ. உயர்த்தி உருட்டிப் பாருங்கள். உராய்வே இல்லாமல் சறுக்கும் பொருளுக்கு முடுக்கம் 9.8 × 0.05 = 0.49 மீ/வி². உருளைக்கு அவ்வளவு வராது. உருள்வதற்கும் ஆற்றல் போக வேண்டுமே! எடை முழுக்க ஓரத்தில் இருக்கும் வெறும் குழாய்க்கு அதில் சரிபாதி, 0.245. நடுவில் ஃபோன் இருப்பதால் நம் உருளைக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட மதிப்பு வரும். 0.49 வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். வந்தால்தான் கவலைப்பட வேண்டும், ஆரத்தையோ பலகையின் உயரத்தையோ எங்கோ தப்பாக எடுத்திருக்கிறோம் என்று பொருள்.

மேல் எல்லையும் உண்டு. பல ஃபோன்களின் கைரோஸ்கோப் விநாடிக்கு 2000 டிகிரி வரைதான் அளக்கும். 5.5 செ.மீ. ஆரத்துக்கு அது 1.9 மீ/வி. அதற்கு மேல் வேகம் போனால் வரைபடம் மொட்டைமாடி போலத் தட்டையாகிவிடும். உருளை சீரான வேகத்தில் போவதாக அதைப் பார்த்து முடிவு கட்டிவிடக் கூடாது. பலகையின் முடிவில் ஒரு தலையணை போட்டுவையுங்கள்.

லிஃப்ட்

மாடிக் கட்டடம் பக்கத்தில் இருந்தால் தவறவிடக் கூடாத சோதனை இது. ஃபோனைத் தரையில் படுக்கவைத்து, ஓடவிட்டு, லிஃப்டில் ஆறு மாடி ஏறுங்கள். காற்றழுத்தத்திலிருந்து உயரம், உயரம் மாறும் வீதத்திலிருந்து திசைவேகம், முடுக்கமானியிலிருந்து முடுக்கம் என்று மூன்று வரைபடம் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். ஒரு மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 12 பாஸ்கல் குறைகிறது, ஒரு மாடிக்கு 36. அழுத்தமானியில் ஒரு பாஸ்கல் தடுமாற்றம் என்றால் உயரத்தில் 8 செ.மீ.க்கு மேல் தடுமாற்றம். ஆகவே உயரக் கோடு ஓரளவு சுத்தமாக வரும், அதிலிருந்து எடுத்த திசைவேகக் கோடு நடுங்கும். நடுக்கத்தைப் பார்க்காமல் மொத்த வடிவத்தைப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது மூன்று இடங்களை. கிளம்பும்போது முடுக்கக் கோடு தன் வழக்கமான மட்டத்திலிருந்து மேலே எழுந்து இறங்கும். நடுவில் லிஃப்ட் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, நின்றுகொண்டிருந்தபோது இருந்த அதே மட்டத்துக்கு வந்துவிடும். நிற்கிறதா ஓடுகிறதா என்று முடுக்கமானியால் சொல்லவே முடியாது. கடைசியில் நிற்கும்போது மட்டத்துக்குக் கீழே போய் வரும். இப்போது அதே ஃபோனோடு கீழே இறங்குங்கள். இறங்கிவந்து நிற்கும் தருணத்தில் முடுக்கம் மேல்நோக்கி எழும். திசைவேகம் கீழ்நோக்கி, முடுக்கம் மேல்நோக்கி. வேகம் குறைந்தால் முடுக்கம் எதிர்க்குறி என்று மனப்பாடம் செய்த மாணவர் இங்கே தடுக்கி விழுவார், விழட்டும். குறி வேகத்தைப் பொறுத்ததில்லை, எந்தத் திசையை நேர் என்று எடுத்துக்கொண்டோம் என்பதைப் பொறுத்தது.

நீர் புகாத உறைக்குள் ஃபோனை வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள், உள்ளே அழுத்தம் மாறாது. லிஃப்ட் கதவு திறக்கும்போது, காற்று வீசும்போது வரும் துள்ளலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

ஜி.பி.எஸ்.

மைதானத்தை ஒரு சுற்று சுற்றிவர இது போதும். 400 மீட்டர் ஓடுபாதையை 100 விநாடியில் முடித்தால் சராசரி வேகம் 4 மீ/வி, தொடங்கிய கோட்டிலேயே முடித்ததால் சராசரி திசைவேகம் 0. சீரான வேகத்தில் ஓடினாலும் வளைவுகளில் திசை மாறிக்கொண்டே இருக்கிறது, எனவே திசைவேகமும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஏற்றுமதி செய்த கோப்பைத் திறந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: வேகப் பத்தி 4-ஐ ஒட்டி நிற்கும், பக்கத்தில் இருக்கும் திசைப் பத்தி 0-இலிருந்து 360 டிகிரி வரை சுற்றிவரும்.

அந்த வேகப் பத்தியின் தலைப்புதான் இந்தச் செயலிமேல் இருக்கும் ஒரு குறை. பதிப்பைப் பொறுத்து அங்கே 'வெலாசிட்டி' என்று இருக்கும். அதில் எதிர்க்குறி எண் ஒன்றுகூட வராது, திசையும் கிடையாது. அது வெறும் வேகம். திசைப் பத்தியையும் சேர்த்துப் படித்தால்தான் திசைவேகம். இயற்பியல் துறையிலிருந்து வந்த செயலியில் இந்தக் கவனக்குறைவு கொஞ்சம் உறுத்துகிறது. வகுப்பில் பயன்படுத்துவோர் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஃபோன் வேகத்தைக் கணக்கிடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களின் தூரத்தை நேரத்தால் வகுத்து அல்ல. செயற்கைக்கோள் சமிக்ஞையின் அதிர்வெண்ணில் டாப்ளர் விளைவால் (அலையை அனுப்புவதோ பெறுவதோ நகரும்போது அதிர்வெண் மாறித் தெரிவது) வரும் மாற்றத்திலிருந்து கணக்கிடுகிறது. அதனால்தான் இடம் சில மீட்டர் தவறாகக் காட்டினாலும் வேகம் ஓரளவு நம்பும்படி வருகிறது. மாறாக, இடப்புள்ளிகளை நீங்களே கூட்டித் தொலைவு கண்டுபிடிக்க முயன்றால் விடை எப்போதும் கூடுதலாகத்தான் வரும், புள்ளிகள் இப்படியும் அப்படியும் அலைவதால். மரத்தடியில் சும்மா நிற்கும் ஃபோன்கூட அப்படிக் கணக்கிட்டால் நடந்துகொண்டே இருக்கும். விநாடிக்கு ஒரு வாசிப்புதான் வரும் என்பதால் குறுகிய ஓட்டத்துக்கு இது உதவாது. விடை மீ/வி-யில் வரும், வண்டி மீட்டரோடு ஒப்பிட 3.6-ஆல் பெருக்குங்கள்.

செய்யவே கூடாத ஒன்று

முடுக்கம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, பெருக்கிக் கூட்டினால் திசைவேகம், இன்னொரு முறை கூட்டினால் இடப்பெயர்ச்சி. தாளில் இது நூறு சதவீதம் சரி. ஃபோன் முடுக்கமானியின் தரவில் இதைச் செய்து ப்ராஜெக்ட் சமர்ப்பிக்க நினைக்கும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

சென்சரில் 0.05 மீ/வி² நிலையான பிழை இருப்பதாக வையுங்கள். இது பெரிய பிழையே இல்லை. 10 விநாடியில் அது 0.5 மீ/வி பொய்யான திசைவேகமாக வளரும், 2.5 மீட்டர் பொய்யான இடப்பெயர்ச்சியாகும். ஒரு நிமிடத்தில் 3 மீ/வி, 90 மீட்டர். மேசைமேல் கிடக்கும் ஃபோன் கணக்குப்படி தெருமுனை தாண்டியிருக்கும். பிழை நேரத்தோடு திசைவேகத்தில் நேர்விகிதத்திலும், இடப்பெயர்ச்சியில் நேரத்தின் இருமடியிலும் வளர்வதால் எந்த ஃபோனும் தப்பாது.

சரி, புவியீர்ப்பைக் கழித்துத் தரும் இன்னொரு சோதனை இருக்கிறதே, 'வித்தவுட் ஜி' என்று? அது சென்சர் அல்ல, கணக்கு. கைரோஸ்கோப்பின் உதவியோடு ஃபோன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று ஊகித்து, அந்தத் திசையில் 9.8-ஐக் கழிக்கிறது. ஊகத்தில் ஒரே ஒரு டிகிரி பிசகினால் 0.17 மீ/வி² மிச்சம் நிற்கும், மேலே சொன்ன 0.05-ஐப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு மூன்று விநாடிக்குள் முடியும் இயக்கத்துக்கு, வழுவழுப்பான சமதளத்தில், ஃபோன் சாயாமல் இருந்தால் தோராய விடை கிடைக்கும். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

மற்றவை சுருக்கமாக. துள்ளும் பந்தின் சத்தங்களிலிருந்து உயரம் சொல்லும் சோதனை நன்றாக வேலை செய்கிறது. இரண்டு மோதலுக்கு நடுவே 0.6 விநாடி என்றால் பந்து ஏறிய உயரம் 44 செ.மீ. தரை கடினமாகவும் பந்து சுழலாமலும் இருக்க வேண்டும். 'மேக்னடிக் ரூலர்' என்ற சோதனையில் பலகையில் சம இடைவெளியில் சிறு காந்தங்களை ஒட்டி, ஃபோனைப் பொம்மைக் காரில் ஏற்றி ஓட்டலாம். காந்தம் ஒவ்வொன்றையும் கடக்கும் நேரத்திலிருந்து வேகம் வரும். ஒட்ட நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு முறை ஒட்டிவிட்டால் வருடம் முழுக்கப் பயன்படும். டாப்ளர் சோதனைக்கு இரண்டு ஃபோன் வேண்டும். 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு, 1 மீ/வி வேகத்துக்கு, மாற்றம் 3 ஹெர்ட்ஸ்கூட முழுதாக வராது. அமைதியான அறை கிடைத்தால் மட்டும் முயலுங்கள்.

பழைய டிக்கர் டைமர் (ஓடும் காகித நாடாவில் சம நேர இடைவெளியில் புள்ளி குத்தும் கருவி) வைத்திருக்கும் பள்ளிகள் அதைத் தூக்கிப் போட வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 0.02 விநாடிக்கு ஒரு புள்ளி. நாடாவில் புள்ளிகள் விலகிக்கொண்டே போவதை விரலால் தொட்டுப் பார்க்கலாம். முடுக்கம் என்றால் என்ன என்பதற்கு ஃபோன் திரை தரும் எந்தக் கோடும் அந்த நாடாவுக்கு ஈடாகாது. துல்லியத்தில் ஒலி நேரமானி அதை மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.

ஓடவிடுவதற்கு முன்

பட்டனைத் தொடும்போதே ஃபோன் ஆடும். மெனுவில் இருக்கும் 'டைம்டு ரன்' வசதியில் 3 விநாடி தாமதம், 10 விநாடி ஓட்டம் என்று கொடுத்துவிட்டால் தொடாமலே தொடங்கி நிற்கும். விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் வரும் ஒரு அழைப்பின் அதிர்வு வரைபடத்தில் மலைபோல எழும்.

ஃபோன் உருளைக்குள் இருக்கும்போது திரையைப் பார்ப்பது எப்படி? 'ரிமோட் ஆக்சஸ்' என்பதை இயக்கினால் ஒரு முகவரி தோன்றும். அதை மடிக்கணினியின் உலாவியில் தட்டினால் வரைபடம் அங்கே ஓடும், தொடங்குவதும் நிறுத்துவதும் அங்கிருந்தே. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். பள்ளி வைஃபை பெரும்பாலும் கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதைத் தடுத்துவைத்திருக்கும். அப்படியானால் ஃபோனிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினியை அதில் இணையுங்கள், இணையம் தேவையில்லை. விமானப் பயன்முறையில் ஹாட்ஸ்பாட் வராத ஃபோனாக இருந்தால் அழைப்பை மட்டும் மௌனமாக்கி, அதிர்வை அணைத்துவிடுங்கள். தரவை எக்செல் அல்லது சி.எஸ்.வி. கோப்பாக எடுத்துக்கொள்ளலாம். எடுக்காமல் சோதனையை விட்டு வெளியேறினால் போயே போய்விடும்.

வகுப்புக்கென்று பழைய ஃபோன் வாங்குவதாக இருந்தால் விற்பவர் முன்னாலேயே செயலியை நிறுவிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அந்த ஃபோனில் சென்சர் இல்லாத சோதனைகள் மங்கலாகத் தெரியும். மலிவு ஃபோன்களில் பெரும்பாலும் அழுத்தமானி இருக்காது, லிஃப்ட் மங்கியிருக்கும். சிலவற்றில் கைரோஸ்கோப்பும் இருக்காது, உருளையும் போய்விடும். ஐஃபோனில் ஒளிச் சென்சரைச் செயலிகள் தொட அனுமதி இல்லை. மைக் எல்லா ஃபோனிலும் இருக்கிறது, ஆகவே ஒலி நேரமானி எதிலும் ஓடும். கேரம் போர்டுக்கும் விழும் குண்டுக்கும் திரை உடைந்த ஃபோனே போதும்.